ரோபோவுக்கு ஃபைபர் உடல்: மாதிரி செய்வதிலிருந்து மாட்டுவது வரை

அலுமினிய ஃபிரேம், மோட்டார், பேட்டரி, சென்சார் எல்லாம் பொருத்தி ரோபோ ஓடத் தொடங்கியபின் அதற்கு மேலுடல் தேவைப்படும். தகரத்தை மடித்தால் பெட்டி வடிவம்தான் வரும். 3டி பிரின்டரில் எடுத்தால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் துண்டு துண்டாக ஒட்டி, ஒவ்வொரு ஒட்டுக்கும் பட்டி பார்க்க வேண்டும். வளைவான, எடை குறைந்த, திரும்பத் திரும்ப எடுக்கக்கூடிய உடலுக்குக் கண்ணாடி இழை, அதாவது ஃபைபர் வேலைதான் சரி. இன்னொரு வசதியும் உண்டு: கண்ணாடி இழை வைஃபை, புளூடூத் அலைகளைத் தடுக்காது. கார்பன் ஃபைபர் தடுக்கும்.

ஃபைபர் வேலை சென்னைக்குப் புதிதல்ல. காசிமேட்டில் நிற்கும் ஃபைபர் படகுகளும் இதே ரெசின் (இறுகும் பிசின்), இதே மேட்டில் (கண்ணாடி இழை விரிப்பு) செய்தவைதான். ஆனால் படகுக்கு பலம் முக்கியம், ரோபோவுக்கு மேல்பரப்பு முக்கியம். அந்த மேல்பரப்பு ரெசின் டப்பாவைத் திறக்கும்போது உருவாவதில்லை. அதற்கு முன்பே, மாதிரியைத் தேய்க்கும்போது முடிவாகிவிடுகிறது. முதலில் உடலின் வடிவில் மாதிரி செய்து, அதன்மேல் அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் உடலை எடுக்கிறோம். மாதிரியில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் அச்சில் பதியும், அச்சில் இருப்பது ஒவ்வொரு உடலிலும் வரும். ஆகவே நேரத்தில் பெரும்பகுதியை மாதிரிக்குக் கொடுங்கள்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 110 செ.மீ. உயரம், சராசரி 120 செ.மீ. சுற்றளவு கொண்ட வரவேற்பு ரோபோ. தலையையும் சேர்த்தால் பரப்பு ஏறக்குறைய 1.5 சதுர மீட்டர். உங்கள் ரோபோவின் பரப்பை இதே போல் கணக்கிட்டு, கீழே வரும் அளவுகளைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

வரையும்போதே முடிவு செய்ய வேண்டியவை

ஃபிரேமுக்கும் உடலின் உட்பக்கத்துக்கும் இடையே குறைந்தது 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். பாலியஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும். ஒரு மீட்டர் உயரத்தில் இரண்டு மூன்று மி.மீ. குறையலாம். உள்ளே ஒட்டும் கட்டைகள், நட்டுகள், ஒயர் கட்டு எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

உடலை முன்பாதி, பின்பாதி என இரண்டாகப் பிரிப்பது நல்லது. பிரியும் கோடு உடலின் மிக அகலமான இடத்தில் ஓட வேண்டும். அதைத் தாண்டி உள்ளே வளைந்தால் அச்சிலிருந்து துண்டு கழன்று வராது. அச்சிலிருந்து இழுக்கும் திசையில் எல்லாப் பக்கங்களிலும் 2 முதல் 3 டிகிரி சரிவு வையுங்கள். நேர் செங்குத்துச் சுவர் அச்சைக் கவ்விக்கொள்ளும். வெளி மூலைகளுக்குக் குறைந்தது 6 மி.மீ. ஆரம் தேவை. அதைவிடக் கூர்மையாக இருந்தால் மேட் மூலைக்குள் படியாமல் பாலம்போல் நிற்கும், பின்னால் காற்று அடைபடும். தட்டையான பரப்பையும் தவிர்க்கப் பாருங்கள். 30 செ.மீ. அகலத்தில் நடுவில் 3, 4 மி.மீ. மேடு கொடுத்தாலே பரப்பு விறைப்பாகும், அலை அலையாகத் தெரிவதும் குறையும்.

லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சென்சார்) ஒளி ஃபைபரை ஊடுருவாது. அது நிற்கும் உயரத்தில் சுற்றிலும் 40 மி.மீ. திறந்த பட்டை விட்டு, மேலுடலைத் தாங்கும் தூண்களை லைடாருக்குப் பின்னால் தள்ளுங்கள். அல்ட்ராசோனிக் சென்சாரின் முகம் வெளிப்பரப்போடு சமமாக இருக்க வேண்டும். உள்ளே பதுங்கினால் துளையின் விளிம்பிலேயே எதிரொலி பட்டு, எதிரே சுவர் இருப்பதாகச் சொல்லும். அவசர நிறுத்தப் பொத்தானும் சார்ஜ் சாக்கெட்டும் உடலைக் கழற்றாமலே கைக்கு எட்ட வேண்டும். அடியில் காற்று நுழையவும் தலைக்குப் பின்னால் வெளியேறவும் வழி வையுங்கள். மே மாதத்தில் ஏசி இல்லாத கூடத்தில் நிற்கும் ரோபோவுக்குள் மோட்டார் டிரைவர் சூடேறி நின்றுபோக அதிக நேரம் ஆகாது.

பேட்டரியை ஃபைபர் உடலோடு ஒட்டி வைக்காதீர்கள். சாதாரண பாலியஸ்டர் எரியும். பேட்டரிக்கு ஃபிரேமிலேயே தனி உலோகத் தட்டு கட்டாயம்.

பொருட்கள்

ரெசின், மேட், கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் கரைசல்), கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) எல்லாம் பாரிமுனைக்கு அருகே நைனியப்ப நாயக்கன் தெரு வட்டாரத்துக் கெமிக்கல் கடைகளிலும், அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளைச் சுற்றியும் கேட்டுப் பார்க்கலாம். கார் பட்டி, பிரைமர், வாட்டர் பேப்பருக்குப் புதுப்பேட்டை. ரெசின் வாங்கும்போது கோபால்ட் ஏற்கெனவே கலந்ததா, கலக்காததா என்று கேட்டே வாங்குங்கள். கலந்த ரெசினில் மறுபடி கோபால்ட் ஊற்றினால் கேட்டலிஸ்ட் சேர்த்ததும் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும்.

அச்சுக்கு (விளிம்பையும் சேர்த்து 2 சதுர மீட்டர்): டூலிங் ஜெல்கோட் (அச்சின் மேல்பரப்பாகும் கெட்டியான ரெசின் பூச்சு) 2 கிலோ, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) மேட் ஓர் அடுக்கு, 450 ஜி.எஸ்.எம். மேட் நான்கு அடுக்கு, வெட்டுச் சேதத்தோடு மொத்தம் 5 கிலோ மேட், 11 முதல் 12 கிலோ ஜி.பி. (பொதுப் பயன்பாட்டு) ரெசின்.

உடலுக்கு (1.5 சதுர மீட்டர்): ஐசோ (ஐசோஃப்தாலிக்) வகை ஜெல்கோட் 1 கிலோ, பிக்மென்ட் பேஸ்ட் 60 முதல் 80 கிராம், 300 ஒன்றும் 450 ஒன்றுமாக மேட் 1.4 கிலோ, ரெசின் 3 முதல் 3.5 கிலோ. முடிந்த உடல் 5 கிலோவை ஒட்டி வரும், கனம் சுமார் 2.2 மி.மீ. இதைவிட அடுக்கினால் எடைதான் கூடும். பலம் வேண்டிய இடத்தில் மட்டும் கூடுதல் பட்டை போதும்.

இவை தவிர: மேன்ஷன் வேக்ஸ், பி.வி.ஏ. திரவம் (இரண்டும் அச்சில் ஒட்டாமல் கழல வைப்பவை), அலுமினிய ரோலர், 2 அங்குல, 3 அங்குல பிரஷ்கள், கழுவ அசிட்டோன், கிராம் கணக்கில் காட்டும் தராசு, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு. கலக்க பாலிப்ரொப்பிலீன் மக் எடுங்கள். தெர்மோகோல் கப்பில் ரெசின் ஊற்றினால் கப்பே கரைந்துவிடும்.

உயிருக்கும் கண்ணுக்கும்

கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் (எம்.இ.கே.பி.) ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுதாகக் கலந்து வைத்துவிட்டு, வேலை செய்யும் அளவுக்கு மட்டும் பிரித்தெடுத்து, அதில் கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். அளக்கும் சிரிஞ்சுகளும் தனித்தனி. கேட்டலிஸ்டை அசிட்டோனோடும் சேர்க்காதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் அந்த பாட்டிலைத் தொட வேண்டாம். தெறித்துவிட்டால் குழாயடியில் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானின் வாடைக்குத் துணி மாஸ்க் பயன்படாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும். தேய்க்கும்போதும் வெட்டும்போதும் தூசி மாஸ்க், முழுக்கைச் சட்டை. அடுக்குமாடி வீட்டு அறைக்குள் இந்த வேலை கூடாது. மொட்டை மாடியில் ஷீட் போட்ட நிழல் நல்லது. நேர் வெயில் மட்டும் விழக் கூடாது.

மாதிரி

18 மி.மீ. பிளைவுட் பலகையின் மேல் தெர்மோகோல் பலகைகளை அடுக்கி, சூடான கம்பியால் வெட்டி வடிவம் எடுப்பது மலிவான வழி. ஒட்ட ஃபெவிகால் மட்டும் போதும், ரப்பர் சொல்யூஷன் தெர்மோகோலை அரிக்கும். பாலியஸ்டர் ரெசினும் கார் பட்டியும் அப்படித்தான், இரண்டிலும் ஸ்டைரீன் இருக்கிறது. அதனால் தெர்மோகோலை எதற்கும் முன் மூட வேண்டும். இதற்கு எபாக்ஸி ரெசினில் 200 ஜி.எஸ்.எம். நெய்த கண்ணாடித் துணி ஓர் அடுக்கு போடுவதே நம்பகமான முறை. இங்கே மேட் வேண்டாம். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் படியாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி மூடுபவர்களும் உண்டு. ஆனால் அது முழுக்கக் காயாவிட்டால் உள்ளே நிற்கும் ஈரம் பின்னால் பிரைமரைக் கொப்பளிக்க வைக்கும். கடலோரக் காற்றில் அது காய நாள் பிடிக்கும். பட்ஜெட் இருந்தால் பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம் கட்டையில் செதுக்கலாம், ஸ்டைரீன் அதை அரிக்காது.

எபாக்ஸி இறுகியதும் 80 நம்பர் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, கார் பட்டியை மெல்லிய பூச்சுகளாகப் போட்டு நீளமான கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் குழி விழும். அடுத்து 2கே (இரண்டு பாகம் கலக்கும்) பி.யூ. பிரைமர். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பிரைமர் வேண்டாம், ஜெல்கோட்டின் ஸ்டைரீன் பட்டதும் அது சுருங்கும். பிரைமர் மேல் கறுப்பு ஸ்ப்ரேயை லேசாகத் தூவி 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்தால், பள்ளங்களில் மட்டும் கறுப்பு நிற்கும். அங்கே மறுபடி பட்டி. பிறகு 600, 800, 1000.

கடைசிச் சோதனைக்கு ஒரு டியூப்லைட் போதும். மாதிரியைத் தண்ணீரால் நனைத்து, தலையைச் சாய்த்து, பரப்பில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பக் கோடு வளைவோடு சீராக ஓடினால் சரி. நடுவில் நெளிந்தால் அந்த இடத்தில் அலை இருக்கிறது. கை தடவிக் கண்டுபிடிக்காத அலையையும் இது காட்டிவிடும். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள், பளபளப்பு கூடினால் அலை இன்னும் தெளிவாகத் தெரியும்.

பிரைமர் முழுதாக இறுக ஒரு வாரம் விடுங்கள். பிறகு மேன்ஷன் வேக்ஸ் ஆறு பூச்சு. ஒவ்வொன்றையும் துடைத்து மெருகேற்றி, அடுத்ததற்கு ஒரு மணி நேரம் இடைவெளி. சிலிகான் கலந்த கார் பாலிஷ் பக்கம் போகவே கூடாது, ஜெல்கோட் அதன்மேல் மீன்கண் மாதிரி விலகும். வேக்ஸுக்கு மேல் பி.வி.ஏ. மெல்லிய படலமாக ஸ்பாஞ்சிலோ ஸ்ப்ரேயிலோ. இது தண்ணீரில் கரையும் பொருள். குனிந்து வேலை செய்யும்போது நெற்றியிலிருந்து விழும் ஒரு சொட்டு வியர்வை போதும், அந்த இடத்தில் படலம் கரைந்து ஜெல்கோட் ஒட்டிக்கொள்ளும். நெற்றியில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சென்னை வெயிலும் கேட்டலிஸ்ட் அளவும்

கேட்டலிஸ்ட் ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். 500 கிராம் ரெசினுக்கு 1.5 சதவீதம் என்றால் 7.5 கிராம், சிரிஞ்சில் 7 மி.லி. போல வரும். டிசம்பர், ஜனவரி காலையில் 1.5 முதல் 2 வரை போகலாம். கத்திரி வெயிலில் 1 போதும். 1 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள். கெட்டியாவது தாமதமாகும் என்பதோடு நிற்காது, ரெசின் கடைசி வரை முழுதாக இறுகாமலே போகும். அப்போதும் வேகமாகக் கெட்டியானால் கோபால்ட்டைக் குறையுங்கள், அல்லது காலை ஆறு மணிக்கே தொடங்குங்கள். கோபால்ட் கரைசலின் அடர்த்தி கடைக்குக் கடை மாறும், ஆகவே விற்பவர் தரும் அளவைக் கேட்டு, அன்றைய வெப்பநிலையில் 50 கிராம் கலந்து பாருங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் ஜெல்லாக மாறினால் அது வேலைக்கு ஏற்ற அளவு.

ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். மிஞ்சியதை மக்கிலேயே விட்டால் சூடேறிப் புகையும். அகலத் தட்டில் பரப்பி வெளியே வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை நாட்களில் மேட் ஈரம் குடிக்கும். திறந்த சுருளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் அடுக்காமல் இருப்பதே நல்லது. ஈர மேட்டில் ரெசின் பால்போல் வெளுத்து நிற்கும், ஒட்டும் தன்மையும் பலவீனமாக இருக்கும்.

அச்சு

பிரியும் கோட்டில் 4 மி.மீ. பிளைவுட்டால் 50 மி.மீ. அகலச் சுவர் எழுப்பி, மாதிரியைத் தொடும் இடுக்கை மெழுகுக் களிமண்ணால் அடைத்து, சுவருக்கும் வேக்ஸ், பி.வி.ஏ. பூசுங்கள். சுவரில் மூன்று நான்கு இடங்களில் அரைக் கோலிகுண்டு அளவு களிமண் குமிழ் வைத்தால், அது பின்னால் இரண்டு பாதிகளும் துல்லியமாகச் சேரும் சாவியாகும்.

டூலிங் ஜெல்கோட் கறுப்பு அல்லது பச்சை. உடல் வெள்ளையாக இருந்தால் அதன் ஜெல்கோட் அச்சில் எங்கே மெல்லிசாகப் படிந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரியும். இரண்டு பூச்சு, இரண்டாவது முதலாவதற்குக் குறுக்குத் திசையில். விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், நிறம் விரலில் ஒட்டக் கூடாது. அதுதான் மேட் போட வேண்டிய நேரம். முதலில் 300 மேட் மட்டும் போட்டு இறுக விட்டு, குமிழிகளைத் தேடி வெட்டி நிரப்புங்கள். பிறகு இரண்டு 450, சில மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அடுக்கினால் உள்ளே ஏறும் சூடு அச்சை நெளித்துவிடும்.

முதல் பாதி இறுகியதும் பிளைவுட் சுவரைக் கழற்றி, வெளிப்பட்ட ஃபைபர் விளிம்புக்கு வேக்ஸ், பி.வி.ஏ. பூசி, இரண்டாம் பாதியை அதற்கு எதிராகவே எடுக்க வேண்டும். பிரிக்கும் முன் விளிம்பில் 15 செ.மீ.க்கு ஒரு எம்8 போல்ட் துளை போட்டுவிடுங்கள். வெளிப்புறம் விறைப்புக்குப் பிளைவுட் பட்டைகளை ஒட்டுவது அச்சு நன்றாக இறுகிய பிறகுதான். அச்சு ஒரு வாரம் மாதிரியின் மேலேயே இருக்கட்டும். பிரிக்கும்போது மர ஆப்பு, பிளாஸ்டிக் ஆப்பு, கொஞ்சம் தண்ணீர். தண்ணீர் உள்ளே இறங்கி பி.வி.ஏ.யைக் கரைக்கும். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் ஜெல்கோட் உதிரும்.

உடல் எடுப்பது

புது அச்சுக்கும் ஐந்தாறு பூச்சு வேக்ஸ், முதல் மூன்று உடல்களுக்குக் கட்டாயம் பி.வி.ஏ. பிக்மென்ட் கலந்த ஜெல்கோட் சதுர மீட்டருக்கு 600 கிராம், அரை மி.மீ. கனம். கண்மதிப்பில் பூசாமல் எடை போட்டே பூசுங்கள். ஜெல்கோட் 0.3 மி.மீ.க்கும் குறைவாக இருந்தாலும், சரியாக இறுகும் முன் மேலே ரெசின் போட்டாலும் ஸ்டைரீன் ஊடுருவி, முதலைத் தோல் மாதிரி சுருங்கும். அப்படி ஆனால் சரிசெய்ய வழியில்லை, சுரண்டி எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். 0.8 மி.மீ. தாண்டினால் சிறு இடிக்கே நட்சத்திர விரிசல் வரும். பூசிவிட்டு மறுநாள் வரை விட்டாலும் தவறு, தானாகச் சுருங்கி அச்சிலிருந்து விலகும்.

மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழித்த விளிம்பின் இழைகள் பக்கத்துத் துண்டோடு கலந்து படியும், வெட்டிய விளிம்பு மேடு கட்டும். முதலில் அச்சில் ரெசின் தடவி, அதன்மேல் மேட் வைத்து, ஒரு நிமிடம் ஊற விடுங்கள். பிறகு பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்தால் இழை கலையும். வெள்ளை மேட் கண்ணாடிபோல் தெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். வெள்ளையாகவே நிற்கும் புள்ளி காற்று. ரோலரை நடுவிலிருந்து விளிம்புக்கு உருட்டி வெளியேற்றுங்கள். ஒரு கிலோ மேட்டுக்கு 2 முதல் 2.5 கிலோ ரெசின் என்பதே கணக்கு. அதற்கு மேல் ஊற்றினால் பலம் கூடாது, சுருக்கமும் எடையும்தான் கூடும். விளிம்புகளிலும் போல்ட் வரும் இடங்களிலும் 75 மி.மீ. அகலத்தில் 450 பட்டை கூடுதலாக வையுங்கள்.

அடுக்கு ஜெல்லாகி, தோல்போல் வளையும் நிலையில் இருக்கும்போது அச்சு விளிம்பை ஒட்டிக் கூரான கத்தியால் மிச்சத்தை வெட்டிவிடுங்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் கிரைண்டரும் அரிக்கும் தூசியும்தான் வழி. முழு 24 மணி நேரம் அச்சிலேயே விட்ட பிறகு கழற்றுங்கள். அவசரப்பட்டுக் கழற்றிய உடல் வளையும், ஜெல்கோட்டில் இழைத் தடமும் பதியும். உட்பக்கம் லேசாகப் பிசுபிசுப்பது இயல்பு, காற்று படும் பரப்பில் ரெசின் அப்படித்தான். கடைசிப் பூச்சில் வேக்ஸ் கரைசல் கலந்தால் காய்ந்துவிடும். ஆனால் அழுத்தினால் உடலே தளதளவென்று இருந்தால் கேட்டலிஸ்ட் குறைந்திருக்கிறது.

கழற்றியதும் ஐந்து ரூபாய் நாணயத்தால் பரப்பு முழுக்கத் தட்டிப் பாருங்கள். டொக்கென்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் ஜெல்கோட்டுக்குப் பின்னால் காற்று இருக்கிறது. இப்போதே குத்தித் திறந்து ஜெல்கோட் நிரப்பித் தேயுங்கள். விட்டுவைத்தால் கண்காட்சி அரங்கில் யாராவது விரல் வைக்கும்போது உடையும்.

வெட்டுவதும் மாட்டுவதும்

துளைகளை ரோபோவின் மேல் வைத்துப் போடாதீர்கள். கண்ணாடித் தூசி பேரிங், ஃபேன், என்கோடர் எல்லாவற்றிலும் போய் உட்காரும். மாஸ்கிங் டேப் ஒட்டி, ஜெல்கோட் பக்கத்திலிருந்து, பின்னால் மரக்கட்டை கொடுத்துத் துளையிடுங்கள். பெரிய வட்டத்துக்கு ஹோல் சாவை முதலில் எதிர்த்திசையில் சுழற்றி ஜெல்கோட்டைக் கடந்த பின் நேராகச் சுழற்றினால் விளிம்பு சிதறாது.

ஃபைபரில் மரை போட்டால் நிற்காது. 9 மி.மீ. பிளைவுட் துண்டில் டி-நட் (மரத்தில் அடித்துப் பதிக்கும் நட்) அடித்து, அதன் மரைக்குள் ரெசின் போகாதபடி மெழுகால் அடையுங்கள். ஒட்டும் இடத்தை 80 நம்பரில் தேய்த்து அசிட்டோனால் துடைத்து, துண்டை வைத்து, மேலே இரண்டு அடுக்கு 450 போடுங்கள். தேய்க்காமல் போட்டால் ஒருநாள் முழுதாகப் பெயர்ந்து வரும். வெளியிலிருந்து எம்5 போல்ட், அகலமான வாஷர், ஃபிரேமுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பர் புஷ். ரப்பர் இல்லாவிட்டால் மோட்டாரின் அதிர்வு உடலில் பறைபோல ஒலிக்கும், போல்ட் துளையைச் சுற்றி விரிசலும் வரும்.

ஜெல்கோட்டே போதுமென்றால் 1200, 2000 வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட். பெயின்ட் அடிப்பதென்றால் முதலில் தண்ணீரில் பி.வி.ஏ.யைக் கழுவி, அடுத்து வேக்ஸைத் துடைத்து எடுத்து, அதற்கப்புறம்தான் 400 நம்பரில் தேய்க்க வேண்டும். வரிசையை மாற்றித் தேய்த்தால் வேக்ஸ் கீறல்களுக்குள் இறங்கி, பெயின்ட் அங்கங்கே பிடிக்காது. மெட்டாலிக் பெயின்ட் தேர்ந்தெடுத்தால் ஆன்டெனா இருக்கும் இடத்தில் வைஃபை வலிமையை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

அடுத்த உடல் எடுக்கும் வரை அச்சின் இரண்டு பாதிகளையும் வேக்ஸ் பூசிச் சேர்த்து, எல்லா போல்ட்டும் மாட்டி, நிழலில் சமதரையில் நிறுத்தி வையுங்கள். மொட்டை மாடிச் சுவரில் சாய்த்து வைத்த அச்சு ஒரு கோடையிலேயே முறுக்கிக்கொள்ளும்.